போதைப்பொருள் வழக்கில் பெண்ணுக்குச் சலுகையா?

"ஒரே வீட்டில் பிடிபட்டாலும் ஆணுக்குத்தான் பிரம்படி, பெண்ணுக்கு இல்லை. இது நியாயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையிலும் தேத்தண்ணி ஆறுவதற்குள் யாராவது இதைக் கிளப்பிவிடுவார்கள்.

பிரம்படி மட்டும் உண்மை. மலேசியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு பெண்களுக்கு விலக்கு தருகிறது. பொதுவாக 50 வயது தாண்டிய ஆண்களுக்கும்தான். அதை யாரும் பேசுவதில்லை! கர்ப்பிணிக்குத் தூக்கும் கிடையாது.

சிறையில் பேதமில்லை. கடத்தல் நிரூபணமானால் யாராக இருந்தாலும் மரண தண்டனை, இல்லையென்றால் ஆயுள் சிறை. கட்டாய மரண தண்டனை 2023 ஜூலையில்தான் போனது.

எனக்கு உறுத்துவது வேறு. 15 கிராம் ஹெராயினோ 50 கிராம் சியாபுவோ (மெத்தாம்பெட்டமின்) வைத்திருந்தாலே கடத்தல் என்று சட்டம் அனுமானிக்கும். பொருள் கட்டுப்பாட்டில் இருந்தால், அது தெரிந்தே இருந்தது என்பதும் ஓர் அனுமானம். கணவன் அலமாரியில் ஒளித்த பொட்டலம், சாவியோ மனைவி இடுப்பில். "எனக்குத் தெரியாதுங்க" என்ற வாய்வார்த்தை அங்கே எடுபடாது. இந்த இரண்டு அனுமானங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது என்று 2019இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் மேல்முறையீடு செய்த இருவருமே பெண்கள். பையில் இருந்தது தெரியாது என்றவர்கள்.