வீடியோல வராத டீ பிரேக்

போன மாசம் ஒரு பதில்ல போற போக்குல "பைகான் இந்தியா வரப்போகுது, வெப் வேலை பாக்கற பசங்க இப்பவே லீவு சொல்லி வைங்க"ன்னு ஒரு வரி எழுதிட்டேன். பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழில வேலை பாக்கறவங்க வருஷா வருஷம் கூடற மாநாடு அது, மேடைல பேசறதுக்குப் பேர் டாக். அவ்ளோதான், இந்தத் தடவை வந்த தபால், மெயில், வாட்சப் எல்லாத்துலயும் அதே பேச்சுதான். வழக்கமா வீட்டுக் கடன், பைக் மைலேஜ் கேக்கறவங்க ஒரு இதழ் பொறுத்துக்கங்க.

டாக் எல்லாம் கொஞ்ச நாள்ல யூடியூப்ல ஃப்ரீயா வந்துடுது. அப்புறம் எதுக்கு சார் டிக்கெட், டிரெயின், லாட்ஜ்னு செலவு பண்ணணும்?
(ஒரு வாசகர், ஓசூர்)

நியாயமான கேள்வி. நானும் பல வருஷம் இதையே சொல்லிட்டு வீட்லயே உக்காந்திருந்தவன்தான். டாக் கேக்க மட்டும்னா போகாதீங்க, வீட்ல ஒன்றரை மடங்கு ஸ்பீடுல ஓட விட்டுக் கேட்டுக்கலாம்.

2019ல பைகான் இந்தியா சென்னைக்கே வந்துச்சு, நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல, எனக்கு ஒரே பஸ்ல போற தூரம், சாக்கு சொல்ல வழியே இல்லாம போனேன். முதல் நாள் நல்ல புள்ளையா ஒவ்வொரு ஹாலா ஓடி ஓடி நோட்ஸ் எடுத்தேன், அந்த நோட்டு இன்னிக்கு எங்க இருக்குன்னே தெரியல. ஞாபகம் இருக்கறது டீ வரிசைல எனக்கு முன்னாடி நின்ன ஒருத்தர்தான். அப்ப ஆபீஸ்ல எங்க சைட்ல ஆர்டர் லிஸ்ட் பேஜ் ஒண்ணு திறக்கறதுக்குள்ள ஒரு காபி குடிச்சிடலாம், அவ்ளோ ஸ்லோ, பாத்தா ஒரு பேஜுக்கு முந்நூறு க்வெரி, அதாவது முந்நூறு தடவை தகவல் கேட்டு டேட்டாபேஸுக்குப் போகுது. ஜாங்கோல (பைத்தான்ல வெப்சைட் கட்டற கருவி) இதைக் குறைக்கறதுக்குன்னு இருக்கற செலக்ட் ரிலேட்டட்ங்கற கட்டளையைப் போட்டும் குறையலன்னு அவர்கிட்ட சும்மா பொலம்பினேன். அவர் பிஸ்கெட்டை டீல முக்கிட்டே, "அது ஒரு ஆர்டருக்கு ஒரு கஸ்டமர்ங்கற மாதிரி ஒத்தையா தொங்கற சமாச்சாரத்துக்குத்தான்ங்க, ஒரு ஆர்டருக்குள்ள பத்து ஐட்டம் இருந்தா அதுக்கு ப்ரீஃபெட்ச் ரிலேட்டட் போடணும், அது தனியா ஒரே க்வெரில மொத்தத்தையும் அள்ளிட்டு வந்து பைத்தான்லயே சேத்துக்கும்"னார். திங்கக்கிழமை போய் போட்டேன், முந்நூறு நாலாச்சு. டாக்குமென்டேஷன்ல இல்லாததா? இருக்கு. நான் படிக்கல, அதான் விஷயம். நம்ம பிரச்சினைக்கு எந்தப் பக்கத்தைப் படிக்கணும்னு எந்த வீடியோவும் சொல்லாது.

இன்னொண்ணு. 2009ல பெர்லின்ல ஜாவாஸ்கிரிப்ட்காரங்களோட ஜேஎஸ்கான் மாநாடு நடந்தப்ப ரயன் டால்னு ஒருத்தர் மேடையேறி, ஜாவாஸ்கிரிப்டை பிரௌசருக்கு வெளிய சர்வர்ல ஓட்டற நோட் ஜேஎஸ்னு ஒண்ணைக் காட்டினார், கூட்டம் எழுந்து நின்னு கை தட்டுச்சு. 2013ல அமெரிக்க ஜேஎஸ்கான்ல ஃபேஸ்புக்காரங்க வெப் பக்கம் கட்டற ரியாக்ட்ங்கற கருவியை எடுத்து விட்டப்போ பல பேர் மூஞ்சியச் சுளிச்சாங்க, ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளயே ஹெச்டிஎம்எல்லா, என்ன கூத்து இதுன்னு. இன்னிக்கு உங்க ஊர் இன்டர்வ்யூலயும் முதல்ல கேக்கறது அதைத்தான். கை தட்டினதும் ஜெயிச்சுது, முகம் சுளிச்சதும் ஜெயிச்சுது. அந்த ரூம்ல இருந்தவங்க வெளிய வந்து காரிடார்ல என்ன சண்டை போட்டாங்கங்கறது எந்த வீடியோலயும் இல்ல, எனக்கு அதுதான் வேணும்.

நான் பிஎச்பில வெப்சைட் பண்றவன். பைகான்னா பைத்தான்காரங்க கூட்டம், டேட்டா சயின்ஸ், ஏஐன்னு பேசுவாங்க. எனக்கு அங்க என்ன இருக்கு?
(பேர் வேண்டாம், திருச்சி)

ஏஐ பேச்சு கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா வெப்புக்கும் பைத்தானுக்கும் இருக்கற உறவு பழசு தம்பி. ஜாங்கோவையே எடுத்துக்கங்க, அது பொறந்தது சிலிக்கான் வேலில இல்ல, அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலத்துல லாரன்ஸ்னு ஒரு ஊர்ல, அந்த ஊர் பத்திரிகை ஆபீஸ்ல. எடிட்டர் வந்து சாயங்காலத்துக்குள்ள ஒரு பக்கம் வேணும்னு நிப்பார், அந்த அவசரத்துக்கு எழுதினதுதான் 2005ல எல்லாருக்கும்னு திறந்து விட்டாங்க. பத்திரிகைக்கு எழுதறவன்ங்கறதால எனக்கு இதுல ஒரு தனி கர்வம். அப்புறம் அதே மாதிரி பைத்தான் வெப் கருவிகளா 2010ல ஃபிளாஸ்க், 2018 கடைசில ஃபாஸ்ட் ஏபிஐ. இன்ஸ்டாகிராம் ஓடறது ஜாங்கோலதான்.

செஷன், குக்கீ, கேஷ், எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன், லாகின் ஃபார்ம்ல ஓட்டை, இதெல்லாம் பிஎச்பிக்கு வேற பைத்தானுக்கு வேறயா என்ன? ஷெட்யூல்ல வெப், செக்யூரிட்டி, டேட்டாபேஸ், டிப்ளாய்மென்ட்னு இருக்கறத மட்டும் டிக் பண்ணிட்டு மிச்ச நேரம் ஊர் சுத்துங்க. முக்கியமா கடைசில நடக்கற டெவ் ஸ்ப்ரிண்ட்டை விட்டுடாதீங்க. ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் பண்றவங்களே வந்து மேசை போட்டு உக்காருவாங்க, பக்கத்துல சேரைப் போட்டுக்கிட்டு நீங்களும் ஒரு சின்ன பக் சரி பண்ணலாம். ஜாங்கோவுல சரி பண்ண வேண்டிய வேலைகளோட லிஸ்ட்ல புதுசா வர்றவங்களுக்குன்னே 'ஈஸி பிக்கிங்ஸ்'னு குறிச்சே வச்சிருப்பாங்க. முதல் தடவை கிட்ஹப்ல புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேத்துக்கங்கன்னு கேக்கறது) அனுப்பறப்ப கை நடுங்கும், பக்கத்துல ஒரு ஆள் இருந்தா அந்த நடுக்கம் போயிடும். டாக் மட்டும் கேட்டுட்டு சாயங்காலமே டிரெயின் ஏறிடறவங்கள பாத்தா எனக்கு, பந்தில உக்காந்து பாயசத்துக்கு முன்னாடி எழுந்து போறவங்க ஞாபகம்தான் வரும்.

எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது. மேடைல பேச ஆசை இருக்கு. டாக் அனுப்பலாமா, கேலி பண்ண மாட்டாங்களா?
(ஒரு வாசகி, கோவில்பட்டி)

தாராளமா அனுப்பும்மா. எப்படி நடக்கும்னு சொல்லிடறேன். மாநாட்டுக்குப் பல மாசம் முன்னாடியே ப்ரபோசல் கேட்டு அறிவிப்பு வரும், நீ என்ன பேசப்போற, யாருக்காக, கேட்டுட்டுப் போறவங்க கைல என்ன இருக்கும், இது மூணையும் தெளிவா எழுதணும். படிச்சுத் தேர்ந்தெடுக்கறவங்க தன்னார்வலர்கள், அவங்களுக்கும் பகல்ல வேற வேலை இருக்கு, ராத்திரில கண்ணு சொருகச் சொருக நூறு ப்ரபோசல் படிக்கறாங்கன்னு வச்சுக்க. "மைக்ரோ சர்வீஸ் ஒரு அறிமுகம்"னு வந்தா அடுத்ததுக்குத் தாவிடுவாங்க. "எங்க ஊர் தீப்பெட்டி கம்பெனிக்கு பில்லிங் சைட் பண்ணோம், நெட் போனாலும் பில் போடணும், அதை எப்படிச் சமாளிச்சோம்"னு எழுதிப் பாரு, தூக்கம் கலைஞ்சு உக்காந்து படிப்பாங்க. உன்கிட்ட இருக்கற அனுபவம் பெங்களூருல ஏசி ரூம்ல இருக்கறவங்ககிட்ட கிடையாது.

இங்கிலீஷ் பத்தி, வெளிநாட்டுல இருந்து வர்ற பேச்சாளர்கள்லயே பல பேருக்கு அது தாய்மொழி இல்ல. சின்னச் சின்ன வாக்கியமாப் பேசு. ஸ்லைடுல ப்ரோக்ராம் கோடு பெரிய எழுத்துல இருக்கட்டும், கடைசி வரிசைக்குத் தெரியணும். ப்ரபோசல் தேறலன்னா மனசு விடாத, எனக்கு ரெண்டு தடவை திரும்பி வந்திருக்கு. லைட்னிங் டாக்னு ஒண்ணு உண்டு, அஞ்சே நிமிஷம், பேர் குடுத்தாப் போதும், அஞ்சு நிமிஷம் முடிஞ்சதும் கை தட்டி இறக்கி விட்டுடுவாங்க, ஸ்கூல் பேச்சுப்போட்டி மணி மாதிரி. அதுல ஆரம்பி.

ஒரே ஒரு எச்சரிக்கை, சொந்தமா சூடு பட்டது. ஒரு காலேஜ்ல நடந்த சின்ன மீட்டிங்ல நான் லைவ் டெமோ காட்டறேன்னு ஏறினேன். வைஃபை போச்சு. சரின்னு போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன், போட்ட உடனே லேப்டாப் அப்டேட் இறக்க ஆரம்பிச்சு ஒன்னரை ஜிபி டேட்டாவையும் முழுங்கிடுச்சு. அறுபது பேர் முன்னாடி அந்த நீல வட்டம் சுத்துது, நான் சிரிக்கறேன், அவங்க சிரிக்கல. டெமோவ முன்கூட்டியே ரெக்கார்ட் பண்ணி வச்சுக்க.

என் பொண்ணு இன்ஜினியரிங் மூணாவது வருஷம். தனியா இந்த மாநாட்டுக்குப் போறேங்கறா. ஆம்பளப் பசங்க கூட்டமா இருக்கும்னு பயமா இருக்கு. அனுப்பலாமா?
(ஒரு அம்மா, விருதுநகர்)

அனுப்புங்கம்மா. பயம் நியாயம்தான், இந்தத் துறை மாநாடுகள் ரொம்ப காலம் ஆம்பளக் கூட்டமாத்தான் இருந்துச்சு, அதை மாத்தணும்னு நெனச்சு சில பேர் வேலை பாத்திருக்காங்க. 2012ல ஜேஎஸ்கான் ஐரோப்பாக்காரங்க, பேர், ஊர் எல்லாத்தையும் மறைச்சுட்டு ப்ரபோசலை மட்டும் படிச்சுத் தேர்ந்தெடுத்தாங்க, பெண்கள்கிட்ட நேராப் போய் நீங்களும் அனுப்புங்கன்னும் கேட்டாங்க, அந்த வருஷம் பேசினவங்கள்ல கால்வாசிப் பேர் பெண்கள். 2014ல பெர்லின்ல ரெண்டு போலந்துப் பொண்ணுங்க ஜாங்கோ கேர்ள்ஸ்னு ஆரம்பிச்சாங்க, கம்ப்யூட்டர் படிக்காத பொண்ணும் ஒரே நாள்ல சொந்தமா ஒரு வெப்சைட் பண்ணிட்டு வீட்டுக்குப் போகலாம், காசு கிடையாது. பல நாட்டுல பரவிடுச்சு. பைலேடீஸ்னு பைத்தான்ல இருக்கற பெண்களோட இன்னொரு குழு இருக்கு, உங்க பொண்ணை முதல்ல அவங்ககிட்ட பேசச் சொல்லுங்க, துணைக்கு ஆள் கிடைக்கும்.

நடத்தை விதின்னு ஒண்ணு இருக்கும், யாராவது தப்பா பேசினா, தொல்லை பண்ணா யார்கிட்ட சொல்லணும்னு அதுல போட்டிருக்கும். அந்தப் பக்கத்தை நீங்களே ஒரு தடவை படிச்சுப் பாருங்க. ராத்திரி தங்கற இடத்தை மட்டும் முன்னாடியே நீங்க பேசி முடிவு பண்ணிடுங்க, அதை மாநாடு பாத்துக்காது.

டீ-சர்ட் குடுப்பாங்களா?
(கல்லூரி மாணவர், சேலம்)

பெரும்பாலும் குடுப்பாங்க. எல் சைஸ் முதல் நாளே காலியாயிடும், ரெண்டாவது நாள் போனா எக்ஸ்எஸ்தான் மிஞ்சும், அதை உங்க தம்பிக்குக் குடுத்துடலாம்.

செலவைக் குறைக்க வழி சொல்லுங்க. சம்பளம் பதினெட்டாயிரம்.
(ஒரு வாசகர், ஈரோடு)

பைனான்சியல் எய்டுன்னு ஒண்ணு வைப்பாங்க, டிக்கெட்டுக்கும் சில சமயம் பயணத்துக்கும், ஆனா முன்னாடியே விண்ணப்பிக்கணும், கேக்கறதுல வெக்கம் வேண்டாம், உங்கள மாதிரி ஆளுக்குத்தான் அது. மொத மொத விக்கற டிக்கெட் கம்மி விலைல இருக்கும். இல்லன்னா தன்னார்வலரா சேந்துடுங்க, ரிஜிஸ்ட்ரேஷன் மேசைல நின்னா வர்ற அத்தனை பேர் முகமும் பழக்கமாயிடும். கம்பெனிகிட்டயும் ஒரு மெயில் போட்டுக் கேளுங்க, "மாநாடு"ன்னு போடாதீங்க, "ட்ரெய்னிங்"னு போடுங்க, அந்த வார்த்தைக்குத்தான் பட்ஜெட் இருக்கு.

ஊட்டிக்காரர் ஒருத்தர் பேர்ல பைகான்ல விருது குடுக்கறாங்களாமே, யார் அவர்?
(ஒரு வாசகர், குன்னூர்)

உங்க பக்கத்து ஊர்க்காரர், கென்னத் கோன்சால்வஸ். இந்தியாவுல பைத்தான் சங்கம் அமைச்சதுல முக்கியமான ஆள், ஊட்டில உக்காந்துக்கிட்டு சென்னை லினக்ஸ் குழுவோட மின்னஞ்சல்ல எல்லாரோடயும் மல்லுக்கு நிப்பார், கேள்வி கேட்டா முதல்ல திட்டுவார், அப்புறம் பதில் சொல்லுவார். 2012ல காலமாயிட்டார். அந்த வருஷத்துல இருந்து பைகான் இந்தியால அவர் பேர்ல விருது குடுக்கறாங்க. இதையெல்லாம் நடத்தறது கம்பெனி இல்ல, அவர மாதிரி சம்பளம் வாங்காத ஆளுங்கதான். 2009ல பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல (ஐஐஎஸ்ஸி) முதல் பைகான் இந்தியா நடத்தினதுல இருந்து அப்படியே ஓடுது.

அடுத்த வருஷம் போலாம்னு இருக்கேன். இந்த வருஷம் ப்ராஜெக்ட் டெட்லைன்.
(ஐடி ஊழியர், சென்னை)

இது கேள்வியே இல்ல, ஆனாலும் பதில் சொல்றேன். ரூபி ஆன் ரெயில்ஸ்ங்கற இன்னொரு வெப் கருவிக்காரங்க ரயில்ஸ்கான்னு ஒரு மாநாட்டை 2006ல சிகாகோல ஆரம்பிச்சாங்க, 2025ல பிலடெல்பியாவோட மூடிட்டாங்க. நோட் ஜேஎஸ் வந்த அந்த பெர்லின் ஜேஎஸ்கான் 2019தான் கடைசி. பைகான் இந்தியாவே 2020ல இருந்து மூணு வருஷம் கொரோனாவால ஆன்லைன்லதான் நடந்துச்சு. தன்னார்வலர்கள் களைச்சுப் போனா அடுத்த வருஷம்னு ஒண்ணு இல்லாமயே போகலாம். டெட்லைன் எங்கயும் போகாது, அடுத்த வருஷமும் உங்களுக்காகக் காத்துட்டு இருக்கும்.

டிக்கெட் போட்டாச்சு சார். என்ன எடுத்துட்டுப் போகணும்?
(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

சபாஷ். லேப்டாப், சார்ஜர், அப்புறம் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், நாலு ப்ளக் சொருகற மாதிரி. ஹால்ல சுவத்தோரம் இருக்கற ஒரே ஒரு பாயிண்ட்டுல அதை மாட்டிட்டு உக்காருங்க, பத்து நிமிஷத்துல உங்களச் சுத்தி மூணு பேர் "அண்ணா, ஒரு ப்ளக் கிடைக்குமா"ன்னு வந்து உக்காந்திருப்பாங்க.