அரசியல் கருத்து எங்கிருந்து பிறக்கிறது? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில் ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு அதை மக்கள் கருத்து என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதே முக்கியம். 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, குடியரசுக் கட்சி வேட்பாளர் லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ஆனால் அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46இல் வென்றார். இதழ் முகவரிகளை எடுத்த தொலைபேசி, கார் வைத்திருந்தோர் பட்டியல்களில் வசதி குறைந்தவர்கள் பலர் இல்லை. பதில் அனுப்ப முனைந்தவர்களிடையே லேண்டன் ஆதரவாளர்களே மிகுந்திருந்தனர். மிகச் சிறிய மாதிரியைக் கொண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகக் கணித்தார். எல்லோருக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருக்கும் சமவாய்ப்பு முறையில் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்தால், பிழை வரம்பு, அதாவது முடிவு உண்மையிலிருந்து பெரும்பாலும் விலகக்கூடிய அளவு, சுமார் 3 சதவீதப் புள்ளிகள்தான்.

கேள்வி: கேட்டவுடன் மக்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்களா?

பதில்: பொய்யைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு: பல நேரங்களில் கேள்வியே பதிலை உருவாக்கிவிடுகிறது. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், ஜனநாயகத்துக்கு எதிரான மேடைப் பேச்சுகளைத் தடை செய்ய வேண்டுமா என்று கேட்டபோது ஏறத்தாழ பாதிப் பேரே ஆம் என்றனர். அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டபோது நான்கில் மூன்று பங்கினர் கூடாது என்றனர். பொருள் ஒன்றுதான், சொல் மட்டுமே வேறு. ஆகவே ஒரு கணிப்பின் முடிவைப் படிக்கும்போது, கேட்கப்பட்ட வாக்கியத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன்.

சொல்லக் கூச்சப்படும் கருத்துகளை அறிய அழகான உத்தி ஒன்று இருக்கிறது. ஒரு குழுவினரிடம் மூன்று கூற்றுகளையும், சமவாய்ப்பில் பிரித்த மற்றொரு குழுவினரிடம் அதே மூன்றுடன் சங்கடமான நான்காவது கூற்றையும் கொடுத்து, எத்தனை கூற்றுகளை ஏற்கிறீர்கள் என்று எண்ணிக்கையை மட்டும் கேட்பார்கள். முதற்குழுவின் சராசரி 1.2 ஆகவும் மற்றதன் சராசரி 1.5 ஆகவும் இருந்தால், சுமார் 30 சதவீதத்தினர் அந்தக் கூற்றை ஏற்கிறார்கள் என்று கொள்ளலாம். எவர் ஏற்றார் என்பது ஆய்வாளருக்கும் தெரியாது.

கேள்வி: பெற்றோரின் கட்சிச் சார்பு பிள்ளைகளுக்கும் வருமா?

பதில்: ஓரளவு வரும். பெற்றோரையும் பிள்ளைகளையும் 1965 முதல் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வில் கட்சிச் சார்பு கணிசமாகக் கடந்து வந்தது; மற்றப் பல கருத்துகளில் ஒற்றுமை குறைவாகவே இருந்தது.

கேள்வி: செய்தி ஊடகங்கள்தான் மனத்தை மாற்றுகின்றன என்று எப்படி நிரூபிப்பது?

பதில்: ஒரு சேனலைப் பார்ப்பவர்கள் ஒரு கட்சியை ஆதரிக்கிறார்கள் என்பதால் சேனல்தான் காரணம் என்று ஆகிவிடாது; ஆதரவாளர்களே அந்தச் சேனலைத் தேடிச் செல்லலாம். இதனால்தான் ஒரே ஆட்களை மீண்டும் மீண்டும் சந்திக்கும் குழு ஆய்வு தோன்றியது. 1940இல் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் சகாக்களும் ஓஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் சுமார் 600 பேரை மே முதல் நவம்பர் வரை தொடர்ந்து நேர்கண்டபோது, பிரச்சாரத்தால் கட்சி மாறியவர்கள் சிலரே என்றும், வானொலியையும் பத்திரிகையையும்விட நேருக்கு நேரான பேச்சு பலருக்கு அதிக வலுவுடையது என்றும் கண்டனர். அந்த முடிவு எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் என்று நான் கருதவில்லை. பிற்காலத்தில் வலதுசாரிச் சார்புடைய ஃபாக்ஸ் நியூஸ் சேனல் சில ஊர்களின் கேபிளில் முன்னதாகவும் சிலவற்றில் தாமதமாகவும் வந்ததை இயற்கை அளித்த சோதனையாகப் பயன்படுத்தி, 1996க்கும் 2000க்கும் இடையில் அது வாக்குகளைக் குடியரசுக் கட்சியின் பக்கம் சிறிதளவு நகர்த்தியது என்று பொருளியலாளர்கள் காட்டினர்.

கேள்வி: அப்படியானால் சமூக ஊடகம்?

பதில்: 2020 அமெரிக்கத் தேர்தலையொட்டி, சம்மதம் தந்த ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பயனர்களில் ஒரு பகுதியினருக்கு, தளமே தேர்ந்தெடுத்து அடுக்கும் வழக்கமான வரிசைக்குப் பதிலாகப் பதிவுகளைக் கால வரிசையில் காட்டிச் சோதித்தார்கள். அவர்கள் கண்ட பதிவுகள் பெரிதும் மாறின, செலவிட்ட நேரம் குறைந்தது. ஆனால் மூன்று மாதங்களில் அரசியல் மனப்பான்மையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. இதிலிருந்து சமூக ஊடகத்துக்குத் தாக்கமே இல்லை என்று முடிவு கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். பல ஆண்டுகளாகப் படிந்த மனப்பான்மையை மூன்று மாத மாற்றம் அளந்துவிடாது. மேலும் சோதனைக்கு உள்ளானவர்களின் நண்பர்களும் உறவினர்களும் அதே தளத்தைப் பழையபடியே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.