பார்த்துப் போடு

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓடிய வீடொன்றில் வளர்ந்தவள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தறியை விட்டு எழ நேரமிருக்காது என்பதால் எனக்குச் சமையல் கற்றுக்கொடுத்தவர் அம்மாவின் அம்மா, என் அம்மாயிதான். ராகிக் களி, கொள்ளுக் கடைசல், பங்குனி வெயிலில் மொட்டை மாடியில் ஊற்றும் ஜவ்வரிசி வடகம் எல்லாம் அவரிடம் கற்றவை. சென்ற ஆண்டு அவர் காலமானார். வேலைக்காகப் பெங்களூரு போயிருக்கும் என் மகள், அம்மாயியின் சமையலை எழுதித் தரும்படி கேட்கிறாள். நோட்டோடு உட்கார்ந்தால் 'கொஞ்சம்', 'பார்த்துப் போடு' என்பவற்றைத் தவிர எதுவும் எழுத வரவில்லை. வடகத்துக்கு மட்டும் கரண்டியால் அளந்து குறிப்பு அனுப்பினேன். அவள் செய்தது வாயில் வைக்க முடியாத உப்பு. கைப்பக்குவத்தை எழுத முடியாது, அது அம்மாயியோடு போய்விட்டது என்கிறார்கள் உறவினர்கள். அவர் எதையோ சொல்லாமலே போய்விட்டாரோ என்றுகூட எனக்குச் சில நேரம் தோன்றுகிறது. இதையெல்லாம் எழுதி வைக்க முடியுமா? பன்னிரண்டு வயது மகனும் அடுப்படியையே சுற்றி வருகிறான். அவனுக்கு எதிலிருந்து தொடங்கலாம்?

கே., சேலம்

அன்புள்ள கே.,

எழுத முடியும். உங்கள் உறவினர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. கைப்பக்குவம் என்று புகழ்ந்துவிட்டு நகர்வதில் ஒரு சோம்பல் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. ஐம்பது அறுபது ஆண்டுகள் புகையில் நின்று, கருகவிட்டும் குழையவிட்டும், மாமியாரிடம் ஏச்சு வாங்கியும் ஒரு பெண் சேர்த்துவைத்த அறிவைப் பிறவியிலேயே வந்த வரம் என்று சொல்லிவிட்டால், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு நமக்கு இல்லாமல் போய்விடுகிறது. நெசவாளர் வீட்டில் வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாவு ஓட்டுவதில் தேர்ந்த ஒருவரைக் கண்டால் அவர் கையில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு யாரும் போவதில்லை. எத்தனை வருடத் தொழில், யாரிடம் பழகினார் என்று விசாரிப்பார்கள். அடுப்படிக்கு மட்டும் அந்த மரியாதை கிடைப்பதில்லை.

அம்மாயி எதையும் மறைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. 'பார்த்துப் போடு' என்றால் எதைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற உங்களுக்கும் அது கண்ணில் தெரிந்துகொண்டிருந்ததால் அதைச் சொல்ல வேண்டிய தேவை இருவருக்கும் வரவில்லை. உங்கள் குறிப்பிலிருந்து விடுபட்டது அந்தப் பார்வைதான். ஆகவே அளவுகளை இரண்டாம் இடத்தில் வைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அவர் எதைப் பார்த்தார், எதைக் கேட்டார், எதை முகர்ந்தார், ஏன் என்பதை முதலில் எழுதுங்கள்.

உங்கள் மகளின் வடகத்தையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் அளந்தது பெரும்பாலும் கல் உப்பாக இருந்திருக்கும். அவளிடம் இருந்தது பொடி உப்பாக இருந்திருக்கும். கல் உப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வெற்றிடம் இருப்பதால், அதே கரண்டியில் பொடி உப்பு கூடுதல் எடை பிடிக்கும். இது ஒன்று. கூழை நாக்கில் வைத்துப் பார்த்து அவள் உப்பைச் சரிசெய்திருந்தால் அது இன்னும் பெரிய காரணம். வெயிலில் காயும்போது கூழிலிருந்து தண்ணீர் மட்டுமே வெளியேறுகிறது, போட்ட உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. எனவே கூழாக இருக்கையில் நாக்குக்குச் சரியாக இருக்கும் உப்பு, வடகமாகும்போது பல மடங்கு கரிக்கும். கூழில் உப்பு குறைகிறதே என்று தோன்ற வேண்டும், அதுதான் சரியான உப்பு. எங்கள் ஆயா இதைச் சொன்ன விதம் வேறு: "கூழு ருசியா இருந்தா வடகம் வெளங்காது." சிறுவனாக இருந்தபோது அதை ஏதோ சாபம் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வடகத்தில் கவனிக்க இன்னும் இருக்கிறது. ஊறிய ஜவ்வரிசி கொதிக்கத் தொடங்கும்போது ஒவ்வொரு மணியின் நடுவிலும் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரியும். அந்தப் புள்ளி மறைந்து மணி முழுவதும் கண்ணாடியாகும் வரை இறக்கக் கூடாது. புள்ளி நின்றுவிட்டால் மாவு உள்ளே வேகவில்லை என்று பொருள், எண்ணெயில் போட்டால் அந்த இடம் பொரியாமல் பல்லில் நறுக்கென்று அகப்படும். எந்த ஜவ்வரிசி என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். மாவு ஜவ்வரிசி கொதியில் கரைந்து கூழாகும், நைலான் ஜவ்வரிசி மணிமணியாக நிற்கும். இரண்டும் ஒரே அளவு தண்ணீரில் ஒரே பக்குவத்துக்கு வராது. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வயல்களையும் அதிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளையும் பார்த்தே வளர்ந்த சேலத்துக்காரருக்கு இந்த வேறுபாடு சொல்லாமலே தெரியும். பெங்களூருக் கடையில் பொட்டலத்தை எடுக்கும் பெண்ணுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். வேட்டியில் ஊற்றிக் காயவைத்த வடகத்தை உரிக்கும்போது துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்துச் சற்றுப் பொறுத்து உரிக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. அந்த ஜவ்வரிசியை என்ன செய்வது என்று கண்டறிந்த பெண்களின் பக்குவம் இன்னும் வாய்மொழியாகத்தான் இருக்கிறது.

நிமிடக் கணக்கை எழுதுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அதற்குக் காரணம் என் பெரியம்மா. சேலத்தில் பிறந்து வளர்ந்த அவர், பெரியப்பா காபித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்ததால் ஏற்காட்டில் குடித்தனம் நடத்த நேர்ந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனதும் அவருடைய சமையல் அவருக்கே கட்டுப்படாமல் போயிற்றாம். அதே துவரம்பருப்பு, அதே வெண்கலப் பானை, ஆனால் பருப்பு மலரவே இல்லை. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவதால் அங்கே தண்ணீர் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. சேலத்தில் கிட்டத்தட்ட 99. திறந்த பானையில் எவ்வளவு விறகு தள்ளினாலும் கொதிநீரின் சூடு அதற்குமேல் ஏறாது. பெரியம்மா பள்ளிக்கூடம் போனவர் அல்லர். "மலை மேல தண்ணி சீக்கிரமாக் கொதிச்சுரும், ஆனா சூடு பத்தாது" என்று அவர் சொன்னதில் அறிவியல் எதுவும் விடுபடவில்லை. அதன்பின் பருப்பை முன்கூட்டியே ஊறவைத்து, மூடி போட்டு, விரலால் நசுக்கினால் மசிகிறதா என்று மட்டுமே பார்த்தார். சித்திரை மாதச் சேலத்தில் சாயங்காலம் கரைத்த இட்லி மாவு நள்ளிரவுக்குள் பொங்கி வழியும். மார்கழி மாத ஏற்காட்டில் விடிந்தும் அசையாது. அங்கே மாவுப் பாத்திரத்தை இரவில் அடுப்புத் திண்டில் அணைத்து வைப்பார். பொங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள மாவில் ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விடச் சொல்வார். மிதந்தால் இட்லி ஊற்றலாம். விரல் நசுக்கலும் துளி மிதத்தலும் மலையிலும் செல்லும், தரையிலும் செல்லும், உங்கள் மகள் இருக்கும் பெங்களூரிலும் செல்லும்.

களிக்கும் இதே முறைதான். நொய் வெந்ததும் ராகி மாவை நடுவில் குவித்து, துடுப்பால் குழி போட்டு, கொதி மாவுக்குள் ஏறும் வரை கிளறாமல் விட வேண்டும். அவசரப்பட்டுக் கிளறினால் கட்டிகளின் வயிற்றில் பச்சை மாவு தங்கிவிடும். கிளறி முடித்து ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. கொள்ளுக் கடைசலைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, வறுக்கும்போது வாசனை மாறும் கணத்தை நீங்களே எழுதிவிடுவீர்கள்.

அளவுகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மாயி எந்த டம்ளரால், எந்த ஆழாக்கால் அளந்தாரோ அது இன்னும் வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள். அதில் எத்தனை மில்லிலிட்டர் தண்ணீர் பிடிக்கிறது என்று அளந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். படியில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு என்பது பொதுக் கணக்கு என்றாலும், ஊருக்கு ஊர் படியே வேறாக இருந்தது. அவர் மனத்தில் இருந்த விகிதங்கள் அந்த ஒரு பாத்திரத்துக்கு உரியவை.

இன்னொன்றும் செய்யுங்கள். நினைவிலிருந்து மட்டும் எழுதாமல் உங்கள் அத்தையை, அதாவது அம்மாயியின் மருமகளை, போய்ப் பாருங்கள். நீங்கள் பேத்தி, உங்களுக்கு அம்மாயியின் அடுப்படி செல்லமாக இருந்தது, உப்பு கூடினாலும் "பரவால்ல கண்ணு" என்றிருப்பார். மருமகளுக்கு அந்தச் சலுகை கிடைத்திருக்காது. புளி முன்னால் போட்டதற்கு என்ன ஏச்சு, பருப்பு அடிபிடித்த நாளில் யார் முன்னிலையில் என்ன சொன்னார் என்று அவருக்கு ஒன்றுவிடாமல் நினைவிருக்கும். ஒவ்வொரு ஏச்சுக்குள்ளும் ஒரு செய்முறைக் காரணம் இருக்கும். நம் சமையல் நினைவுகளை எழுதுபவர்கள் பெரும்பாலும் பேரன் பேத்திகளாக இருப்பதால் அவை அத்தனையும் நெய் மணக்கின்றன. மருமகள்கள் எழுதியிருந்தால் வேறொரு நூலகம் கிடைத்திருக்கும், சமைக்கவும் அதுவே கூடுதலாக உதவியிருக்கும். உங்கள் அத்தை மனத்தாங்கலோடு பேசினால் குறுக்கிடாதீர்கள். கெட்டுப்போனதை அம்மாயி எப்படிச் சரிக்கட்டினார் என்று கட்டாயம் கேளுங்கள். அது எந்தச் சமையல் புத்தகத்திலும் கிடைக்காது.

மகனுக்கு ஆடி முதல் நாளில், ஊரே தேங்காய் சுடும் பண்டிகையன்று, தொடங்குங்கள். சேலத்தில் வளரும் பையனுக்குத் தேங்காய் சுடுவதைவிட நல்ல முதல் பாடம் இருக்க முடியாது. எனக்கு அடுப்பின் குணத்தை அன்றைக்குக் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமன். நாரை முழுவதும் உரித்து, சிமெண்டுத் தரையில் தேய்த்து ஓட்டை வழவழப்பாக்கும் வேலையை அவனே செய்யட்டும், கை வலிக்கும், பரவாயில்லை. கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்தபின் அவல், பொட்டுக்கடலை, வெல்லம், எள், பச்சைப்பயறு எல்லாவற்றையும் ஆசை ஆசையாகத் திணிக்கப் பார்ப்பான். முக்கால் பங்கோடு நிறுத்தச் சொல்லுங்கள். அவலும் பயறும் உள்ளே ஊதும், அதற்கு இடம் வேண்டும். வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றிய பிறகே மஞ்சள் பூசிய அழிஞ்சில் குச்சியைச் செருக வேண்டும், ஏனென்றால் உள்ளே இருப்பது வேகப்போவது அந்தத் தண்ணீரில்தான். எரியும் தீக்கொழுந்தில் வாட்டாமல் கங்கின் மேல் திருப்பித் திருப்பிக் காட்டட்டும். ஓடு கருகி வெடிப்பு விட்டு, தேங்காய் வாசனையோடு வெல்ல வாசனையும் சேர்ந்து வரும்போது எடுக்கலாம். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துப் பார்க்கையில் பயறு நறுக்கென்று இருந்தால், அடுத்த தேங்காயில் தண்ணீரைச் சற்றுக் கூட்டி ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு தேங்காய்க்கும் வேண்டிய பொருள்களை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.