பர்மாவுக்கு டிக்கெட் போடலாமா?

கேள்வி: என் அப்பா ரங்கூனில் பிறந்தவர். 1964-ல் பத்து வயதில் கப்பலில் வந்து சென்னையில் இறங்கினார். பெரியப்பா மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். அவர் இப்போது இல்லை. அவருடைய மகன், என் அண்ணன், குடும்பத்தோடு யாங்கூனில் இருக்கிறார். கண்ணை மூடுவதற்குள் பிறந்த தெருவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறார் அப்பா. தம்பி எங்கள் மூன்று பேருக்கும் யாங்கூன், பகான், மாண்டலே என்று ஆறு நாள் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டிவிட்டான். கல்லூரியில் படிக்கும் என் மகள், "ராணுவத்துக்குப் போய் காசு கொடுக்கப் போறீங்களா?" என்று சண்டை போடுகிறாள். தம்பியோ, "நாம போகலேன்னா அங்க குதிரைவண்டிக்காரன்தான் பட்டினி கிடப்பான். அதான் தேர்தலே நடத்திட்டாங்களே" என்கிறான். இதற்கு நடுவில் அண்ணன் வேறு, "ஓட்டல்லயே தங்குங்க, நான் வந்து பார்க்கிறேன், வீட்டுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அதில் ரொம்ப வருத்தம். போகலாமா, வேண்டாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: மகள் சொல்வதையும் தம்பி சொல்வதையும் அப்புறம் பார்ப்போம். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "வீட்டுக்கு வேணாம்" என்று, அதில்தான் நான் நின்றுவிட்டேன். கூடப்பிறந்த அண்ணன் மகனே வாசலோடு நிறுத்துகிறானே என்று உங்கள் அப்பாவுக்குத் தோன்றியிருக்கும். யாருக்கும் தோன்றும். ஆனால் அண்ணன் சொன்னதற்கு அங்கே வேறு அர்த்தம்.

2021 பிப்ரவரி 1 அதிகாலையில், தேர்தலில் ஜெயித்த ஆங் சான் சூகியைக் கைது செய்து ஆட்சியைப் பிடித்த ராணுவம், அதே மாதத்தில் ஒரு பழைய விதியைத் தூசி தட்டி எடுத்தது. வீட்டில் வெளியாள் யாராவது இரவு தங்கினால், வார்டு அலுவலகத்தில் பெயர் கொடுத்தாக வேண்டும். வெளியூரிலிருந்து சொந்த அக்கா வந்து தங்கினாலும் சரி. கொடுக்காவிட்டால் தண்டனை. பட்டியலைச் சரிபார்க்கிறோம் என்று நடுராத்திரியில் கதவைத் தட்டலாம், உள்ளே வரலாம். அப்படித் தட்டுவதற்காகத்தான் அந்த விதியே. அந்தத் தெருவில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு மூன்று பேர் ஒரு வீட்டுக்குள் போய்விட்டு இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தால், நீங்கள் திருச்சிக்குத் திரும்பிய பிறகும் கேள்வி அந்த வீட்டுக்காரரிடம் இருக்கும்.

அண்ணனுக்கு வயதுக்கு வந்த பிள்ளை இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. இருந்தால் விஷயம் இன்னும் கனமானது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 18 முதல் 35 வரை ஆண்கள், 18 முதல் 27 வரை பெண்கள், குறைந்தது இரண்டு வருடம். அந்த வயதில் பிள்ளை இருக்கிற வீடு, அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் இருக்கத்தான் பார்க்கும். ஆக, அண்ணன் உங்களை வெட்டிவிடவில்லை. போனில் சொல்ல முடிகிற அளவுக்குச் சொல்லியிருக்கிறார்.

2015-ல் நான் யாங்கூன் போயிருந்தேன். அங்கே ஒரு காளியம்மன் கோயில், 1871-ல் நம் ஆட்கள் கட்டியது, அதற்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் முக்காலிகள், மேசைக்கு மேசை இலவசமாக ஒரு பிளாஸ்க் பச்சைத் தேநீர். பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெரியவர் வலிய வந்து தேர்தல் பேசினார். நான் ஆச்சரியப்பட்டதைப் பார்த்து, "முன்னெல்லாம் இந்த மேசையில சர்க்கரை போதுமான்னு மட்டும்தான் பேசுவோம்" என்று சிரித்தார். இன்றைக்கு அந்த மேசை மறுபடி சர்க்கரைக்கே திரும்பியிருக்கும். ராணுவத்தைப் பற்றிப் பேஸ்புக்கில் எழுதியதற்கே 505-ஏ என்ற பிரிவில் மூன்று வருடம் வரை உள்ளே போடலாம். பேஸ்புக்கே அங்கே தடை. சோதனைச் சாவடியில் போனை வாங்கிப் பார்க்கிறார்கள்.

சரி, மகளுக்கு வருவோம். அவள் சொல்வதில் பாதி ரொம்பச் சரி. விசாக் கட்டணமும், பழைய கோயில்கள் நிறைந்த பகானின் நுழைவுக் கட்டணமும் அரசுக்குப் போகின்றன. டாலருக்கு அரசு வைத்திருக்கும் விலை, அந்த ஊர்ப் பணத்தில், 2,100 கியாட். வெளிச்சந்தையில் அதைப்போல இரண்டு பங்கு. அரசு விலையில் மாற்றினால் அந்த வித்தியாசம் உங்கள் பையிலிருந்துதான் போகும். ஓட்டல், வங்கி, சுரங்கம் என்று ராணுவத்தின் சொந்தக் கம்பெனிகள் கால் வைக்காத தொழில் குறைவு. தம்பிக்குப் பழக்கம் உண்டோ என்னவோ, 'மியான்மர் பீர்' கூட அவர்கள் சரக்குதான். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு உள்ளூர்க்காரர்களே பலர் அதைத் தொடாமல் விட்டார்கள்.

ஆனாலும் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். எரிவாயு விற்று அவர்கள் வாங்கும் பணத்துக்கு முன்னால் உங்கள் மூன்று விசா தூசு. அவர்களுக்குச் சுற்றுலாப் பயணியிடமிருந்து வேண்டியது காசைவிட, கோயில் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிற போட்டோ. "பாருங்கள், எல்லாம் சகஜமாகிவிட்டது" என்று காட்ட அதுதான் உதவும்.

இது இன்றைக்குக் கிளம்பிய சண்டையும் இல்லை. 1996-ஐ 'மியான்மருக்கு வருகை தரும் ஆண்டு' என்று அன்றைய ராணுவ அரசு அறிவித்தது. அதற்காக மாண்டலே அரண்மனை அகழியைத் தூர்வார ஊர்க்காரர்களைக் கூலி இல்லாமல் இறக்கினார்கள். தம்பியின் பேக்கேஜில் போட்டோ எடுக்க நிறுத்துவார்களே, அதே அகழி. பழைய பகானில் காலம் காலமாகக் குடியிருந்தவர்களை 1990-லேயே கிளப்பி வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்தாயிற்று. இதையெல்லாம் பார்த்துத்தான் சூகி, இப்போது வராதீர்கள் என்று உலகத்தைக் கேட்டுக்கொண்டார். அப்புறம் 2010-ல் அவர் கட்சியே நிலைப்பாட்டைத் தளர்த்தியது: தனியாக வருகிறவர்கள் வரட்டும், கூட்டமாகப் பேக்கேஜில் வர வேண்டாம். குதிரைவண்டிக்காரர், சின்ன விடுதிக்காரர் கையில் காசு சேர வேண்டும் என்பதுதான் காரணம். ஆக தம்பி சொல்வதும் பொய்யில்லை. என்ன, குதிரைவண்டிக்காரரைச் சொல்லிவிட்டு அவன் புக் பண்ணியிருப்பது பேக்கேஜ்.

தேர்தல் விஷயம்? சூகியின் கட்சியை 2023-லேயே கலைத்துவிட்டு, 2025 டிசம்பரில் தொடங்கி நடத்தினார்கள். அதற்கு மேல் அதில் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

'அப்படிப் பார்த்தால் சீனாவுக்கும் துபாய்க்கும் போகிறோமே' என்று தம்பி கேட்பான். கேட்கட்டும், நானும் போயிருக்கிறேன். சுத்தமான பதில் என்னிடம் இல்லை. அங்கே எனக்காகக் கணக்குச் சொல்லவேண்டிய சொந்தக்காரர் யாரும் இல்லை என்பது மட்டும் தெரியும். உங்களுக்கு யாங்கூனில் ஒருவர் இருக்கிறார்.

என் முடிவு இதுதான். பேக்கேஜை விட்டுவிடுங்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மாண்டலேயும் சகாய்ங்கும் சரிந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அதற்குப் பிறகும் சொந்த நாட்டு ஊர்கள் மேல் விமானத்திலிருந்து குண்டு போடுவதை ராணுவம் நிறுத்தவில்லை. அங்கே போய் ஊர் சுற்றிப் பார்க்க என்னால் உங்களைச் சொல்ல முடியாது.

அப்பாவின் ஆசை வேறு. அதைச் சுற்றுலாக் கணக்கில் நான் சேர்க்கமாட்டேன். முதல் தடவை அந்த ஊரை விட்டு அவரைக் கிளப்பியதும் ஒரு ராணுவ ஆட்சிதான். 1962-ல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சிக்கு வந்தார். கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். லட்சக்கணக்கானவர்கள் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். அறுபது வருடம் கழித்து இன்னொரு ராணுவ ஆட்சியைக் காரணம் காட்டி அவரைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் அண்ணனிடம் விட்டுவிடுங்கள். 'வரலாமா' என்று நேரடியாகக் கேட்காதீர்கள். "அப்பாவுக்கு இந்த வருஷம் சௌகரியப்படுமா, அடுத்த வருஷம் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அடுத்த வருஷம் என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். வாங்க என்று சொன்னால், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை கேளுங்கள். அப்போதும் வாங்க என்றால், அப்பாவும் நீங்களும் மட்டும், யாங்கூன் மட்டும், மூன்று நாள். உள்ளூர்க் குடும்பம் நடத்தும் சின்ன விடுதி, சாப்பாடு டீக்கடையில். போனில் பேஸ்புக் வேண்டாம். அண்ணன் வந்து பார்த்தால், அவரோடு எடுத்த படத்தை எந்தக் குரூப்பிலும் போடாதீர்கள், தம்பியின் ஸ்டேட்டஸில் கண்டிப்பாகக் கூடாது. நாட்டு நிலவரத்தை அவரிடம் கேட்காதீர்கள். அவராகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா வாயில் இன்னும் ஃபிரேசர் தெரு என்றுதான் வரும், டாக்சிக்காரரிடம் அனவரதா சாலை என்று சொல்ல வேண்டும்.

போவதோ நிற்பதோ, அதற்கு முன்னால் அந்த "வீட்டுக்கு வேணாம்" எதற்காக என்று அப்பாவுக்கு இன்றைக்கே எடுத்துச் சொல்லிவிடுங்கள். தம்பியிடம் முன்பணத்தைத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். முழுசாகத் தரமாட்டார்கள், இருந்தாலும் கேட்கட்டும்.