பக்கத்து வீட்டுக்காரர் வேலியை எங்கள் மனைக்குள் தள்ளிப் போட்டுவிட்டார். தனியார் சர்வேயரை வைத்து அளந்துவிட்டு அதைப் பிடுங்கலாமா?

காரைக்குடி பக்கத்துக் கிராமத்தில் பூர்வீக மனை, குடும்பம் சென்னையில், புதுக் கம்பி வேலி ஒன்றரை அடி உள்ளே வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அளக்கலாம். பிடுங்க மட்டும் கூடாது. நீங்கள் கை வைத்தால் அவர் போலீசில் எழுதிக் கொடுப்பார். அப்புறம் நிலத்தை விட்டுவிட்டு அந்த வழக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எங்களுக்கும் கோட்டையூர் பக்கம் இதே தகராறு. எங்கள் மனைக்கும் பக்கத்து வீட்டு ஆச்சி மனைக்கும் நடுவே கிளுவை வேலி. நம் ஊர் மனைகள் நீளமானவை, முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. அவ்வளவு நீளத்துக்கும் கிளுவைதான். கிளுவை ஒரு விசித்திரமான வேலி. பட்டுப்போன இடத்தில் புதுக் குச்சியை வெட்டி நடுவார்கள், துளிர்த்துவிடும். நடுகிற கை யாருடையதோ அவர் பக்கம் ஒரு சாண் கூடும். ஐம்பது அறுபது வருடம் இப்படி நட்டால் வேலி நேராக எப்படி இருக்கும்?

சிங்கப்பூரில் இருக்கும் ஆச்சியின் மகன் காம்பவுண்டுச் சுவர் எழுப்ப வந்தபோதுதான் பேச்சு முற்றியது. என் கையில் தாத்தா 1961-ல் வாங்கிய கிரயப் பத்திரம். அகலம் 36 அடி என்று தெளிவாக எழுதியிருந்தது, அந்தத் தைரியத்தில் தாலுகா அலுவலகத்தில் எல்லை அளந்து காட்ட மனுப் போட்டேன். ஆச்சி மட்டும் சிரித்தார்: "தம்பி, நான் வாக்கப்பட்டு வந்தப்பவே அந்தக் கிளுவை அங்கதான் நின்னுச்சு."

எனக்குத் தெரியாமல் போனது இதுதான்: அரசு சர்வேயர் உங்கள் பத்திரத்தை அளக்க வருவதில்லை, தன் கையிலுள்ள வரைபடத்தைத்தான் தரையில் காட்டிவிட்டுப் போவார். எங்கள் மனை கிராம நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம். நத்தம் நிலவரித் திட்டத்தில் அளந்தபோது தரையில் யார் எதுவரை அனுபவித்தார்களோ, பெரும்பாலும் அதுவே கோடாகப் பதிவானது. வரைபடத்தில் எங்கள் அகலம் 10.4 மீட்டர், அதாவது 34 அடி சொச்சம். இரண்டு அடியை யாரும் திருடவில்லை. பழைய பத்திரங்களில் சுவர் உட்படவா, சுவர் நீக்கியா என்றே இருக்காது. நம் பக்கத்துச் சுண்ணாம்புச் சுவர்களின் கனத்துக்கு அதிலேயே ஒன்றிரண்டு அடி போய்விடும்.

அளந்த அன்று இருவருக்குமே அசடு வழிந்தது. முன்பக்கம் எங்கள் வேலி ஆச்சி இடத்தில் முக்கால் அடி. பின்பக்கம் ஆச்சியின் குளியலறை எங்கள் இடத்தில் ஓர் அடிக்கு மேல். அதற்கு இது சரியாகப் போயிற்று, இருப்பது இருக்கட்டும் என்று பேசினோம். வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை. இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்வதானால் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும், வாய்ப்பேச்சு அடுத்த தலைமுறையில் நிற்காது என்றார். கடைசியில் அந்தக் குளியலறை ஓட்டுக் கொட்டகையைப் பொங்கல் கழித்து அவர்களே இடித்துவிட்டார்கள். செம்பூராங்கல் சுவர் அளந்த கோட்டில் ஏறியது.

உங்கள் கதைக்கு வருகிறேன். தனியார் சர்வேயர் தரும் வரைபடம் நீங்கள் தெரிந்துகொள்ளத்தான். மனுப் போடும் முன் அவரை வைத்து ஒரு தடவை அளந்து பாருங்கள், உங்கள் வேலியே அந்தப் பக்கம் போயிருந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் அதைக் காட்டி அடுத்தவரைக் கட்டுப்படுத்த முடியாது. மனை நத்தம் அல்லாமல் புஞ்சையிலிருந்து பிரிந்ததென்றால் எஃப்.எம்.பி. எனும் புல வரைபடத்தை எடுங்கள், இணையத்திலேயே கிடைக்கும். பழைய வரைபடத்தில் அளவு லிங்க் கணக்கில் இருக்கும். 100 லிங்க் என்றால் 66 அடி. அதை அடி என்று நினைத்துச் சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லைக் கல் காணாமல் போயிருந்தாலும் கவலை இல்லை, பக்கத்துப் புலங்களின் கல்லிலிருந்து அளந்து வருவார்கள். சர்வேயர் வரும் நாளைப் பக்கத்து மனைக்காரருக்கும் அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பு போய்ச் சேரும் முன்னால் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், பாதிச் சூடு அங்கேயே தணியும்.

அளந்த பிறகும் அவர் நகரவில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே பட்டா ஒன்றே உரிமையை நிரூபித்துவிடாது. பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தைப் பார்ப்பார்கள், அளவும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைக்குத்தான் மதிப்பு. தேவைப்பட்டால் வழக்கறிஞர் ஆணையரை, அதாவது நீதிமன்றமே நியமிக்கும் ஒரு வக்கீலை அனுப்பி, சர்வேயரோடு அளக்கச் சொல்வார்கள். வேலி புதியது என்பதால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் வெளியூரில் இருப்பதால் சொல்கிறேன், உங்கள் உரிமையை மறுத்து வெளிப்படையாக 12 வருடம் தொடர்ந்து அவர் அனுபவித்துவிட்டால் அந்த இடத்தைத் திரும்பக் கேட்பது பெரும் பாடு.

இதற்கெல்லாம் முன்னால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்களுடையது தாத்தா பெயரிலேயே கிடந்தது. வாரிசுச் சான்று வாங்கி, பங்காளிகள் எல்லோரையும் சேர்த்துப் பெயர் மாற்றிய பிறகுதான் மனுவே போட முடிந்தது. உங்கள் பங்காளிகளில் யாராவது மலேசியாவில் இருந்தால் இன்றைக்கே போன் போட்டுவிடுங்கள். பினாங்கிலிருந்து ஒரே ஒரு கையெழுத்துக்கு நான் நாலு மாதம் காத்திருந்தேன்.