உள்ளூர் சேவைச் சங்கத்தில் சேரக் கூப்பிடுகிறார்கள். அங்கே உண்மையிலேயே வேலை நடக்கிறதா, எல்லாம் போட்டோவுக்குத்தானா?

நண்பர் யாரோ உங்களைக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். மணியடித்துத் தொடங்கியிருப்பார்கள். தலைவர் கழுத்தில் பதக்கம் தொங்கியிருக்கும். போன வருஷச் சேவைகள் என்று வரிசையாகப் படம் காட்டியிருப்பார்கள், எல்லாப் படத்திலும் பேனர்தான் பெரிசாகத் தெரிந்திருக்கும். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்பது வருஷம் உறுப்பினராக இருந்தேன். அதில் இரண்டு வருஷம் திட்டப் பொறுப்பு, ஒரு வருஷம் செயலாளர். இப்போது இல்லை. "கோபித்துக்கொண்டு வெளியே போனவன் எழுதுகிறான்" என்று கீழே யாராவது எழுதுவார்கள். சண்டையெல்லாம் இல்லை, வேலை மாற்றலில் போக முடியாமல் போனது, அவ்வளவுதான். எந்தச் சங்கம் என்றும் சொல்லப்போவதில்லை.

வேலையும் நடக்கிறது, போட்டோவும் நடக்கிறது. பெரும்பாலும் இரண்டிலும் இருப்பது அதே ஆட்கள்தான். நானே அப்படி இருந்தவன்.

நான் பொறுப்பேற்ற முதல் வருஷம் பழைய மூக்குக்கண்ணாடி சேகரித்தோம். 1925-ல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டுக்குப் போய், பார்வையற்றோருக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டார். அதிலிருந்து கண் சம்பந்தமான சேவை என்றால் இந்த மாதிரிச் சங்கங்களுக்குத் தனிப் பிரியம். நாங்களும் பள்ளி, அலுவலகம், நூலகம் என்று பெட்டி வைத்தோம். நாலு அட்டைப்பெட்டி நிரம்பியது. விழா, சிறப்பு விருந்தினர், கைதட்டல். அந்தப் படத்தில் நடுவில் பல்லெல்லாம் தெரிய நிற்பது நான்தான்.

அது ஜூன் மாசம். பெரிய சங்கங்களில் ஜூலை 1-ஆம் தேதி தலைவர் மாறிவிடுவார். புதுத் தலைவருக்குப் புதுத் திட்டம். பெட்டிகள் என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் எட்டு மாசம் கிடந்தன. என் மகள் தன் கரடிப் பொம்மைக்கு ஒன்றை எடுத்து மாட்டிவிட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

உறுப்பினர்களில் ஒருவர் கண்ணாடிக் கடைக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை லென்ஸோமீட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு கண்ணாடியையும் அதில் பொருத்தி, உள்ளே தெரியும் பச்சைக் கோடு கூர்மையாகும் வரை சக்கரத்தைத் திருப்பி, பவரைச் சொல்லுவார், நான் எழுதுவேன். வலது மைனஸ் 1.50, இடது மைனஸ் 2.25, அதில் சிதறல் பார்வைக்கான சிலிண்டர் பவர் வேறு, அதற்கொரு கோணம். பேனாவை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "இதே ரெண்டு கண்ணும் உள்ள ஆளை எங்கே போய்த் தேடுவீங்க?" பவர் பொருந்தினாலும் லென்ஸின் மையம் அந்த ஆளுடைய கருவிழிக்கு நேரே வர வேண்டுமாம். கீறல் விழுந்தது, கால் ஒடிந்தது, லென்ஸே இல்லாத பிரேம், வெயில் கண்ணாடி, யாரோ தியேட்டரிலிருந்து கொண்டுவந்த முப்பரிமாணக் கண்ணாடி. நாலு பெட்டியும் முடிந்தபோது தேறியது ஒரு செருப்புப் பெட்டி அளவுகூட இல்லை. மீதியை அப்புறப்படுத்த வண்டி வாடகை கொடுத்தது நான்.

அவர்தான் வழியும் சொன்னார். நாற்பதுக்கு மேல் வருகிற வெள்ளெழுத்துக்குப் பலருக்கு இரண்டு கண்ணிலும் ஒரே பவர் போதும், பிளஸ் 1-லிருந்து 3 வரை ரெடிமேடாகவே மலிவாகக் கிடைக்கும், பரிசோதித்துக் கொடுத்தால் போதும் என்றார். அடுத்த வருஷம் அதையே செய்தோம். பெரியவர் ஒருவர் பிளஸ் 2.50 போட்டதும் சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்துப் படித்தார். காலாவதித் தேதி தாண்டி நாலு மாசம் ஆகியிருந்தது. எங்களுக்கு நன்றியெல்லாம் சொல்லவில்லை, மருந்துக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே போய்விட்டார். எனக்கு அந்த வருஷத்தில் பிடித்தது அதுதான்.

பரிசோதனையில் கண்புரை தெரிந்தவர்களையும் பட்டியல் போட்டோம். இங்கேதான் நிஜமான வேலை. அறுவை சிகிச்சை பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். அதற்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவர ஆள் கிடையாது. பிறகு சில வாரம் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும், அதற்கும் ஆள் கிடையாது. எங்களில் நாலு பேர் கார் ஓட்டினோம், மருத்துவமனை நாற்காலியில் காத்திருந்தோம், காலையில் போன் போட்டு "விட்டாச்சா?" என்று கேட்டோம். ஆண்டறிக்கையில் இது ஒரு வரி.

சொல்லாமல் இருக்க முடியவில்லை, அந்த வாட்ஸ்அப் குழு! ஒரு நாள் அவசரமாக ஒரு கார் வேண்டும் என்று செய்தி போட்டேன். அதைப் பிறந்தநாள் வாழ்த்துகள் புதைத்துவிட்டன. பூங்கொத்து, கேக், கைகூப்பும் படம். அன்று பிறந்தநாள் கொண்டாடியவரிடம் இரண்டு கார் இருந்தது. அவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கண்புரை வேலையும் ஜூன் 30-உடன் நின்றது. முந்தைய தலைவர் ஆரம்பித்ததைத் தொடர்ந்தால் தன் பேர் எங்கே என்று வந்தவருக்குத் தோன்றியது. வருஷா வருஷம் தலைவர் மாறும் விதியைக் குறை சொல்லவில்லை, ஏறினவர் இறங்காமல் உட்கார்ந்திருக்கும் சங்கங்களையும் பார்த்திருக்கிறேன். ரோட்டரியில் உலகத் தலைவரே வருஷத்துக்கொருவர்தான். ஆனாலும் 1985-ல் எடுத்த போலியோ ஒழிப்பை இன்றுவரை விடவில்லை. சிகாகோவில் 1905-ல் ரோட்டரியை ஆரம்பித்தவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட பொதுச் சேவை நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை கொண்டுவந்தது. அதன் முன்னால் நின்று யார் போட்டோ எடுப்பார்கள்?

ஆகவே நீங்கள் அடுத்த கூட்டத்தில் இந்த வருஷத் திட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். இரண்டு தலைவருக்கு முன்னால் ஆரம்பித்தது இப்போது எந்த நிலையில் இருக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். பொதுமக்களிடம் திரட்டிய பணத்துக்கும் உறுப்பினர் சந்தாவுக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கிறதா, கூட்டத்து விருந்துச் செலவு எதில் எழுதப்படுகிறது என்பதையும் கேளுங்கள். முறையாக நடக்கும் சங்கத்தில் இதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பதில் வரவில்லையென்றால் சந்தா கட்டாதீர்கள். யார் கார் ஓட்டுகிறார்கள் என்று மட்டும் விசாரித்து அவர் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். உறுப்பினர் இல்லை என்பதற்காக அவர் உங்களை வேண்டாம் என்று சொல்லவே மாட்டார்.