விசாரணைக் காவலில் இருக்கும் தம்பிக்கு ஓட்டு உண்டா?

சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்து வாசகி ஒருவரின் கேள்வி: “தம்பி இரண்டு மாதமாகச் சாங்கிச் சிறையில் விசாரணைக் காவலில் இருக்கிறான். வழக்கு முடியவில்லை. தேர்தல் வந்தால் அவன் ஓட்டு என்னாகும்? வாக்காளர் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களா?”

காவலில் இருக்கிறார் என்பதற்காக எடுக்க மாட்டார்கள். வழக்கு முடியும்வரை அவர் குற்றவாளி அல்ல. 12 மாதத்துக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருப்பவருக்குத்தான் நாடாளுமன்றத் தேர்தல் சட்டப்படி ஓட்டு இல்லை.

இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நீதிபதி எத்தனை மாதம் கொடுத்தார் என்பது கணக்கில்லை. அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்பதே கணக்கு. திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. ஆகவே இரண்டே வாரம் உள்ளே இருந்தாலும் அந்த இரண்டு வாரமும் ஓட்டில்லை. குடித்துவிட்டு முதல் முறை வண்டி ஓட்டியவருக்கு அதிகபட்சம் 12 மாதம். அது ‘12 மாதத்துக்கு மேல்’ ஆகாது, ஓட்டு போகாது. இரண்டாம் முறை பிடிபட்டால் 2 ஆண்டுவரை போகலாம். சிறை சென்றால் ஓட்டு போய்விடும். தம்பியின் குற்றச்சாட்டுத் தாளில் சட்டப் பிரிவு எண் இருக்கும். அதற்கான அதிகபட்சத் தண்டனையை வழக்கறிஞரிடம் கேளுங்கள். (5 ஆண்டுத் தடை என்று கேள்விப்பட்டிருந்தால், அது வேட்பாளராக நிற்பதற்கான விதி. ஓட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

பெயர் இருப்பது வேறு, ஓட்டுப் போடுவது வேறு. ஒதுக்கப்பட்ட வாக்களிப்பு நிலையத்துக்கு நேரில் போக வேண்டும். அவருக்காக நீங்கள் போட முடியாது. அஞ்சல் வாக்கு, வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்தவர்களுக்கு மட்டுமே. அதனால் வாக்களிப்பு நாளுக்குள் பிணை கிடைக்குமா என்பதுதான் முக்கியம். கிடைத்தால், பிணைக்காகக் கடப்பிதழை (பாஸ்போர்ட்) ஒப்படைத்திருந்தாலும் கவலையில்லை, அடையாள அட்டையோடு போகலாம்.

போக முடியாவிட்டால், வாக்களிக்காதவர் என்று தேர்தலுக்குப்பின் பெயர் நீக்கப்படும். நிரந்தரமாக அல்ல. தேர்தல் துறையின் இணையத்தளத்தில் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான மின்னடையாளக் கணக்கு) வழியாகப் பெயரைத் திரும்பச் சேர்க்க விண்ணப்பிக்கலாம். தகுந்த காரணம் இல்லாதவர்கள் 50 வெள்ளி கட்ட வேண்டும். காவலில் இருந்த தேதிகளைக் காட்டும் தாள்களைப் பத்திரமாக வைத்திருங்கள். காரணத்தை ஏற்பதா என்று அதிகாரி முடிவு செய்வார். ‘உதவிதானே’ என்று தம்பியின் சிங்பாஸில் நீங்கள் நுழைய வேண்டாம், அது வேறு வம்பு.

விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாதீர்கள். அடுத்த தேர்தலுக்கான ஆணை பிறப்பிக்கப்பட்ட பிறகு அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது.

தண்டனை முடிந்து வருபவர்களும் பெயர் இருக்கிறதா என்று தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவேடு பொதுப் பார்வைக்கு வரும் நாள்களில் சமூக மன்றத்திலும் பார்க்கலாம். பெயர் விடுபட்டிருந்தால் அப்போதே சேர்க்கக் கோரலாம்.